குருவிப் பெட்டிக் கேமராவும் ஒற்றை லித்தியம் செல்லும்

மொட்டை மாடியில் சிட்டுக்குருவிக்காக ஒரு மரப்பெட்டி மாட்டியிருக்கிறேன். அதற்குள் கேமராவும் வைஃபையும் கொண்ட இஎஸ்பி32-கேம் என்ற குட்டிச் சுற்றுப்பலகையை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வைஃபை வழியாகக் கணினிக்கு வரவேண்டும் என்பது திட்டம். நிரல் எழுதுவது எளிதாக முடிந்தது. மின்சாரம்தான் பாடாய்ப்படுத்தியது.

மேசையில் போன் சார்ஜரில் ஒழுங்காக ஓடிய பலகை, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லுக்கு மாறியதும் வைஃபையைத் தொடும் நொடியில் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. பலகை அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட் டிடெக்டர்’ என்ற வரி திரும்பத் திரும்ப ஓடியது. மின்னழுத்தம் தாழ்ந்தால் சிப்பை நிறுத்தும் காவல் அது. நிரலில் ஒரு வரி சேர்த்து அதை அணைத்துவிடலாம் என்று பலர் யோசனை சொல்கிறார்கள். காய்ச்சல் தெரியக் கூடாதென்று தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற வேலை!

உண்மையான சிக்கல், மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாகக் கொடுக்க பலகையிலிருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரில். அது 3.3 வோல்ட் கொடுக்கவேண்டுமானால் அதைவிட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக உள்ளே வரவேண்டும். முழுக்கச் சார்ஜ் ஆன செல்லே 4.2 வோல்ட்தான். ரெகுலேட்டரை விட்டுவிட்டு 3.3 வோல்ட் பின்னிலேயே செல்லை இணைக்கவும் வழியில்லை. இஎஸ்பி32 தாங்குவது 3.6 வரைதான்.

சென்னை ரிச்சி தெருவில், மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் எம்டி3608 பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். அதன் குட்டித் திருகைத் திருப்பத் திருப்ப மல்டிமீட்டர் அசையவே இல்லை. பல சுற்றுகள் போன பிறகுதான் எண் இறங்கத் தொடங்கியது. 5.1-க்கு வந்த பிறகே பலகையை இணைத்தேன். ரீசெட் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மீட்டரோ 5.1 என்று சாதித்தது. வைஃபை அனுப்பும்போது மில்லிசெகண்டுக் கணக்கில் வந்துபோகும் சரிவு அதன் கண்ணில் படாது. மெல்லிய ஜம்பர் வயர்களைக் கழற்றிவிட்டுத் தடித்த வயரைப் பற்றவைத்தேன். 5 வோல்ட் பின்னை ஒட்டியே திடீர்த் தேவைக்கு மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் வைத்தேன். ரீசெட் நின்றது, படத்தில் ஓடிய கோடுகளும் போயின.

பிறகு, செல் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு. ஃபிளாஷ் இல்லாமலே பலகை சுமார் 180 மில்லிஆம்பியர் இழுக்கும். 2600 மில்லிஆம்பியர்-மணி செல்லில் ஒன்பது மணி நேரம் ஓடினால் பெரிது. படங்களுக்கு இடையே பலகையைத் தூங்கவைக்கும் டீப் ஸ்லீப்பிலும் 6 மில்லிஆம்பியர் போகிறது, அதில் பெரும்பகுதி ரெகுலேட்டரின் தீனி. எனவே தூங்கவைப்பதை விட்டு, குறித்த இடைவெளியில் மின்சாரத்தைத் திறந்துவிடும் டிபிஎல்5110 டைமரும் அதற்குச் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட்டும் சேர்த்து, கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டேன். படம் போய்ச் சேர்ந்ததும் பலகை ஒரு பின்னை உயர்த்தும். டைமர் எல்லாவற்றையும் அணைத்துவிடும். டைமருக்குச் செலவாவது நானோஆம்பியர் கணக்கில்தான்.

செல் 3.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் கழற்றி டிபி4056 சார்ஜர் பலகையில் போடுகிறேன். ஒரு ஆம்பியரில் மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. அதுவரை மாற்று செல் பெட்டியில் இருக்கும்.