வெளிச்சம் பார்த்து வாங்கிய செடிகள்

ஜூன் 1, 2025, ஞாயிறு

தங்கை வேளச்சேரியில் வாடகைக்குப் புது வீடு பார்த்துக் குடிவந்துவிட்டாள். இரண்டாம் மாடி. போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டி, "அக்கா, இந்த ஃபிடில் லீஃப் ஹால் மூலைக்கு, இந்த மரான்டா கட்டில் பக்கத்துக்கு" என்று பட்டியல் போட்டாள். இரண்டும் அழகுதான். ஆனால் புதிதாகச் செடி வளர்ப்பவருக்கு இரண்டையுமே நான் சொல்லமாட்டேன். ஃபிடில் லீஃபை இடம் மாற்றினாலே இலையைக் கொட்டும். மரான்டாவுக்கு ஈரக் காற்றும் உப்பில்லாத தண்ணீரும் வேண்டும். வேளச்சேரி போர் தண்ணீரில் அதன் இலை ஓரம் கருகிப்போகும்.

செடியை முடிவு செய்துவிட்டு இடம் தேடக்கூடாது. முதலில் இடம், அப்புறம்தான் செடி. இந்த வாரம் நர்சரிப் பக்கமே போகாதே, எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழுகிறது என்று மட்டும் பார் என்றேன். மதியம் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, ஒரு அடி உயரத்தில் கையை நீட்ட வேண்டும். விரல்கள் தெளிவாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகக் கை வடிவம் தெரிந்தால் நடுத்தரம். நிழலே தெரியாத இடத்தில் செடி வைக்க வேண்டாம்.

ஜூன் 5

தங்கை குறித்து அனுப்பிய விவரம்: ஹால் ஜன்னல் கிழக்கு, காலையில் இளவெயில். சமையலறை மேற்கு, மூன்று மணிக்கு மேல் சுட்டெரிக்கிறது. படுக்கையறை ஜன்னல் வடக்கு. "வடக்கு ஜன்னலில் வெயிலே வராதுன்னு படிச்சேனே, இங்கே வருதே?" என்று கேட்டிருந்தாள்.

நல்ல கேள்வி. வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் வரும் குழப்பம் இது. சென்னை 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிவெயில் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் இந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் சாய்ந்த வெயில் கிடைக்கும். டிசம்பரில் அதே ஜன்னல் நிழலாகிவிடும். தெற்கு ஜன்னலுக்கு வெயில் வரும். எனவே வடக்கு அறைக்கு மங்கிய வெளிச்சத்தையும் தாங்கும் செடி வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனோம். இரண்டு பேரும் வெயிலில் நன்றாக அலைந்தோம். எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

வாங்கியவை: ஸ்நேக் பிளான்ட், ஜீ ஜீ பிளான்ட், மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட். ஆரம்பத்துக்கு இவை போதும். ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவின் செடி. நம் ஊர் வறண்ட காட்டோரங்களில் வளரும் மருள் இதற்கு நெருங்கிய உறவு. கெட்டியான இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜீ ஜீ மண்ணுக்கடியில் கிழங்கில் சேர்த்து வைக்கும். இரண்டையுமே ஊருக்குப் போகும்போது தைரியமாக விட்டுவிட்டுப் போகலாம்.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது இலையைத் திருப்பிப் பார்க்கணும். இலையும் தண்டும் சேரும் இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது இருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தச் செடியை எடுக்கக்கூடாது. புதுத் துளிர் இருக்கிறதா, அடித்தண்டு அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா என்றும் பார்த்தோம். பெரிய செடியைவிட, துளிர்விடும் சின்னச் செடி நம் வீட்டுக்குச் சீக்கிரம் பழகும்.

தங்கைக்கு டிஃபன்பேக்கியா என்ற வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலைச் செடி மேல் ஆசை. குழந்தைக்கு ஒன்றரை வயது. கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குள் போகும் பருவம். அந்த இலையைக் கடித்தால் உள்ளே இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் குத்தி வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மணி பிளான்டிலும் ஜீ ஜீயிலும்கூட அதே பொருள் உண்டு. ஸ்நேக் பிளான்டைத் தின்றாலும் வாந்தி வரும். இந்த மூன்றும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கவேண்டும். கீழே வைக்கக்கூடியது ஸ்பைடர் பிளான்ட், அதில் நஞ்சில்லை.

ஜூன் 22, ஞாயிறு

புது வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று நர்சரிப் பையிலேயே விட்டு வைத்திருந்தோம். இன்று தொட்டி மாற்றினோம். நர்சரியில் கொடுக்கும் களிச் செம்மண் திறந்தவெளிக்குச் சரி. வீட்டுக்குள் காயவே காயாது. வேரைச் சுற்றி இருந்ததைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டு, செம்மண், கோகோபீட் (தென்னை நார்த் தூள்), மண்புழு உரம், பெர்லைட் (மண்ணை லேசாக்கும் வெள்ளைத் துகள்) கலந்து போட்டோம். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் தெளியும் வரை அலசிவிட வேண்டும். தென்னை நாரில் உப்பு இருக்கும்.

எங்கே எதை வைப்பது என்பதில்தான் பாதி நாள் போனது, அதுதான் எனக்குப் பிடித்த வேலையும். ஸ்நேக் பிளான்டின் நேர்க்கோட்டு இலைகளுக்குப் பின்னால் வெறும் சுவர் இருந்தால்தான் அதன் வடிவம் எடுபடும். ஹாலில் காலண்டரும் போட்டோக்களும் மாட்டியிருந்த சுவரை விட்டுவிட்டு, எதிர்ச் சுவரை ஒட்டிய உயரமான மேசையில் வைத்தோம். மணி பிளான்ட் புத்தக அலமாரியின் மேல்தட்டில். கொடி ஒரு பக்கமாக மட்டும் தொங்கட்டும். ஜீ ஜீ வடக்கு அறை அலமாரி மேலே. எல்லாவற்றையும் ஏசிக் காற்று நேராக அடிக்காமல் தள்ளி வைத்தோம்.

அம்மா கொடுத்த பித்தளை உருளி பரணில் கிடந்தது. அதற்குள் கூழாங்கல் பரப்பி, ஸ்பைடர் பிளான்டை அதன் பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே வைத்ததும் அந்த மூலையே மாறிவிட்டது. நேராக மண் போட்டு நடக்கூடாது. ஓட்டை இல்லாத பாத்திரத்தில் தண்ணீர் தங்கி வேர் அழுகும். மற்றவற்றுக்கு ஒரே நிறத்தில் மண் தொட்டி. அலங்காரத் தொட்டிகள் ஆளுக்கொரு நிறத்தில் இருந்தால் கண் தொட்டிக்குத்தான் போகும், இலைக்குப் போகாது. மண் தொட்டி கசியும் என்பதால் அடியில் தட்டு.

ஜூலை 6

"தினமும் ஒரு டம்ளர் ஊத்தட்டுமா அக்கா?" வேண்டவே வேண்டாம். வீட்டுச் செடிகள் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை, தண்ணீர் அதிகமாகித்தான் சாகின்றன. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்று. ஸ்நேக் பிளான்டுக்கும் ஜீ ஜீக்கும் தொட்டி மண் முழுக்கக் காயட்டும். வடிகிற ஏசித் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் கூடாது. உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

ஜூலை 13

ஸ்நேக் பிளான்ட் காற்றைச் சுத்தம் செய்யும், ராத்திரி ஆக்சிஜன் தரும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னாராம். முதல் பேச்சின் மூலம் 1989-இல் நாசாவுக்காக வுல்வர்டன் குழு செய்த ஆய்வு. அது மூடிய சின்ன அறைப்பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் வெளியான ஒரு மறு ஆய்வின் கணக்குப்படி, வீட்டில் இயல்பாகக் காற்று வந்துபோவதற்கு ஈடுகட்டவே ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டியிருக்கும். ராத்திரியில் ஸ்நேக் பிளான்ட் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்குவது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாக்க வெளிச்சம் வேண்டும். காற்றுக்கு ஜன்னலைத் திற. செடியை அதன் அழகுக்காகவே வைத்துக்கொள், அது போதாதா?

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

ஆடிப் பட்டம் தேடி விதைப்பது வயலுக்குச் சொன்னது. வீட்டுக்குள்ளும் இந்த நாளில் ஏதாவது நடணும் என்று தங்கைக்கு ஆசை. மணி பிளான்ட் கொடி நன்றாக நீண்டிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணு இருக்கும்படி வெட்டித் தண்ணீரில் போட்டோம். வேர் கிளம்புவது அந்தக் கணுவிலிருந்துதான். கணு இல்லாத வெறும் இலையிலிருந்து கொடி வராது.

ஸ்நேக் பிளான்டையும் இலை வெட்டி நட்டு மாமிக்குக் கொடுக்கலாமா என்றாள். வாங்கியது மஞ்சள் ஓரம் வைத்த வகை. இலைத்துண்டிலிருந்து வரும் கன்று அந்த மஞ்சளை இழந்து வெறும் பச்சையாக வரும். அடிக்கிழங்கிலிருந்து பக்கக் கன்று முளைத்ததும் பிரித்துக் கொடுத்தால் மஞ்சள் ஓரம் அப்படியே இருக்கும். மாமிக்கு இப்போதைக்கு மணி பிளான்ட் துண்டு இரண்டு, ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில்.