பேஸ்மென்ட் பெட்டியும் மின்வாரிய மாமாவும்

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு ஒரு திருட்டு அலாரமும் இலவசமாக வந்தது. வாசல் பக்கம் மஞ்சளேறிய கீபேட், பேஸ்மென்ட்டில் ஒரு இரும்புப் பெட்டி. நாங்கள் அதைச் சீண்டியதே இல்லை. ஒரு கோடை இடிமழையில் கரண்ட் போய்த் திரும்பி வந்த ராத்திரி, அதுவாகப் பேச ஆரம்பித்தது. நிமிஷத்துக்கு ஒரு பீப்.

பழி முதலில் புகை அலாரங்கள் மேல் விழுந்தது. மனைவி ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினாள். மேசை கம்மென்று இருந்தது, வீடு பீப் அடித்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார்தான் காதைத் தீட்டிக்கொண்டு கீபேட்டைக் கண்டுபிடித்தார். மாமா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த நாளிலிருந்து கழற்ற ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வந்த அலாரம் கம்பெனி ஆள், பெட்டியைத் திறக்காமலே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி மூன்று வருட ஒப்பந்தத்தை நீட்டினார். மாமா என்னை ஓரமாக இழுத்தார். "மாப்ள, கையெழுத்து கிய்யெழுத்துப் போட்டுறாதீங்க. உள்ள என்னன்னு பாத்துருவோம்."

பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி இல்லை. திருடனைப் பிடிக்கிற கருவியின் பூட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கண்டதும் வழிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்த மாமாவுக்கு, அயலூர்க் கல்யாணத்தில் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம். "அட, நம்ம யூபிஎஸ் பேட்டரி!"

12 வோல்ட் லெட் ஆசிட். இந்த ரகம் மூன்று முதல் ஐந்து வருஷம் உழைத்தால் பெரிது. இதன் மேல் யாரோ மார்க்கரில் 2011 என்று எழுதியிருந்தார்கள். வயிறு உப்பியிருந்தது. கரண்ட் இருக்கும்வரை சுவரில் செருகிய டிரான்ஸ்பார்மரே பேனலை, அதாவது பெட்டிக்குள் இருக்கும் அலாரத்தின் மூளையை, ஓட்டிவிடும்; செத்த பேட்டரியும் சார்ஜ் ஏறுகிற பாவனையில் காலம் தள்ளும். கரண்ட் போனால்தான் வண்டவாளம் தெரியும்.

அப்புறம் வயர்கள். ஒவ்வொரு கதவு வயரின் கடைசியிலும், அதாவது கதவுப் பக்கம், மின்தடை தரும் ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டும். வயரை வெட்டினாலும் ஷார்ட் செய்தாலும் மின்தடை மாறுவதை வைத்துப் பேனல் பிடித்துவிடும். இங்கேயோ அத்தனை ரெசிஸ்டரும் பெட்டிக்குள்ளேயே முறுக்கிக் கிடந்தன. அப்படிப் போட்டால் வழியில் எங்கே ஷார்ட் ஆனாலும் கதவு மூடியிருப்பதாகவே பேனல் நம்பிக்கொண்டிருக்கும். மாமாவுக்கு ஒரே பரவசம். "ஏணியில ஏறச் சோம்பல்படுறவன் இங்கயும் இருக்கான் மாப்ள!"

கதவுகளில் இருந்த ஸ்விட்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடிய கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். கதவில் இருக்கும் காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். தூசி போகாது, துரு ஏறாது. 1853-லேயே பாஸ்டன் பக்கத்தில் அகஸ்டஸ் போப் என்ற பாதிரியார், கதவைத் திறந்தால் மின்மணி அடிக்கும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியதைச் சொன்னேன். "சாமியாருக்கே சாமி மேல நம்பிக்கை பத்தலை பாருங்க" என்றார்.

தேறாதது வெளித்தொடர்புதான். அந்தக் காலத்துப் பேனல் லேண்ட்லைனில் கண்காணிப்பு மையத்துக்கு டயல் செய்யும். லேண்ட்லைனை வீட்டை விற்றவரே எடுத்துவிட்டார். பிற்பாடு யாரோ மாட்டிய 3ஜி பெட்டி ஒன்றும் இருந்தது; அமெரிக்காவில் 3ஜியையே 2022-ல் மூடிவிட்டார்கள். ஆக, திருடன் வந்தால் கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் முழித்திருந்தால் சரி.

புது பேட்டரி போட்டோம். ரகசிய நம்பரை அடித்து டெஸ்ட் பட்டனை மாமா அழுத்த, சைரன் ஒரு முழக்கம் முழங்கியது. மதியத் தூக்கத்தில் இருந்த அத்தை, "என்னங்க, வீடு பத்திக்கிச்சா?" என்று பாஸ்போர்ட் பையோடு மாடிப்படியில் நின்றார். பீப் அத்தோடு ஓய்ந்தது.

ஆனால் அத்தைக்கு 'சைம்' பிடித்துப்போனது. அதைப் போட்டுவைத்தால் எந்தக் கதவு திறந்தாலும் கீபேட் மூன்று பீப் அடிக்கும். மாமாவுக்குச் சர்க்கரை. மைசூர்பாகு டப்பா இருப்பது கராஜில். மூன்று பீப் கேட்டால் போதும், "என்னங்க, கராஜ்ல என்ன வேலை?" என்று சமையலறையில் இருந்தே குரல் போகும்.

கொஞ்ச நாளில் கராஜ் கதவு மட்டும் பீப் அடிப்பதை நிறுத்தியது. "பழசு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா, மின்வாரியக் குரலில். அத்தை தலையாட்டிவிட்டு பிரிட்ஜைத் திறக்கப் போனவர் நின்றார்.

"ஏண்டி, நயாகராவுல வாங்கின தடி காந்தம் இங்கதானே ஒட்டியிருந்துச்சு?"

அது கராஜ் கதவு நிலையில், ஸ்விட்சை ஒட்டி, செல்லோடேப் போட்டுப் பதவிசாக உட்கார்ந்திருந்தது. கதவு அகலத் திறந்து கிடந்தது. பேனல் அது மூடியிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது.

அத்தை மாமாவிடம் ஒன்றும் பேசவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அந்த மூணு வருஷ ஒப்பந்தக்காரர் நம்பர் இருக்கா?"