இரண்டு அழைப்புகளுக்கு நடுவே

தீயணைப்புப் பணியில் அழைப்பு மேல் அழைப்பு வரும் இரவு ஷிப்டில், பல சிக்கல்களுக்கு வித்து விழுவது வண்டி நிலையத்துக்குத் திரும்பிய பிறகுதான். உடம்பு படுக்கையைத் தேடும் அந்த அரை மணி நேரத்தில் எதைக் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுகிறோமோ, அது அடுத்த அழைப்பில் காலை வாரிவிடும்.

முதலில் காற்று. சுவாசக் கருவியின் 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தம் வரை நிரப்பினால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. நிதானமான வேலைக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் போகும். ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறி, கதவையும் உடைக்கும்போது 80ஐத் தாண்டிவிடும். 45 நிமிட சிலிண்டர் என்று பெயர் இருந்தாலும், கடும் வேலையில் 25 நிமிடம்கூட வராது. 55 பார் பக்கத்தில் எச்சரிக்கை விசில் அடிக்கும்போது மிச்சம் சுமார் 370 லிட்டர். மூச்சிரைப்பவருக்கு நாலைந்து நிமிடம். விசில் கேட்டபின் திரும்பலாம் என்பது தப்புக் கணக்கு. அது அடிக்கும்போது ஆள் வெளியே இருக்க வேண்டும்.

அதனால் பாதி தீர்ந்த சிலிண்டர் வண்டியில் திரும்பவும் ஏறவே கூடாது. அவசரமாக நிரப்புவதிலும் ஒரு சங்கதி உண்டு. வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். கேஜ் 300 காட்டும், ஆறியதும் கணிசமாக இறங்கிவிடும். ஆறவிட்டு, மறுபடி பார்த்து, குறைந்ததை நிரப்பிய பிறகே அது முழு சிலிண்டர்.

அடுத்தது தண்ணீர். 4,500 லிட்டர் டேங்க், ஹோஸ் முனையில் மாட்டி நிமிடத்துக்கு 450 லிட்டர் அடிக்கும் ஒரே பிராஞ்சுக்குப் பத்து நிமிடம்தான் தாங்கும். திரும்பும் வழியிலேயே நிரப்பிவிடுவது நல்லது. டீசலையும் கண்ணால் பார்க்க வேண்டும்: வண்டி நின்ற இடத்தில் பம்ப் ஓடினால் கிலோமீட்டர் ஏறாது, டீசல் மட்டும் இறங்கும். ஓடிய தூரத்தை வைத்துக் கணக்குப் போடும் டிரைவர் இதில் ஏமாறுவார்.

நனைந்த ஹோஸை எடுத்துவிட்டு உலர்ந்ததை ஏற்றும்போது, ஹோஸ்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளிங்குக்குள்ளும் விரலை விட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். ரப்பர் வாஷர் இருக்கிறதா, மணல் ஒட்டியிருக்கிறதா என்று இருட்டிலும் விரல் சொல்லிவிடும். வாஷர் இல்லாத ஒரு இணைப்பு போதும், தண்ணீர் பீய்ச்சியடித்து பிராஞ்சில் பிரஷர் விழுந்துவிடும்.

அழுக்கை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தீயணைப்பாளர் பணியில் நேரும் வெளிப்பாட்டை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. முகமூடியைக் கழற்றுமுன் சம்பவ இடத்திலேயே தலை முதல் கால் வரை பிரஷ் போட்டுத் தண்ணீரால் கழுவ வேண்டும். புகை படிந்த உடை ஆட்கள் உட்காரும் கேபினுக்குள் வரக் கூடாது. கை உறைக்கும் தலைமூடிக்கும் இரண்டாவது செட் கட்டாயம் வேண்டும். ஈரமான உறையில் சிக்கிய தண்ணீர் அடுத்த தீயின் வெப்பத்தில் நீராவியாகித் தோலை வேகவைக்கும்.

சில அழைப்புகளை நாமே வரவழைக்கிறோம். பஞ்சு மெத்தை மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்து அதே முகவரியிலிருந்து அழைப்பு வரும். மெத்தையை வெளியே இழுத்து, கிழித்துப் பிரித்து, உள்பஞ்சு முழுக்க ஊறவிட வேண்டும். இந்த வேலையில் புகை கண்ணுக்குத் தெரியாததால் முகமூடியைக் கழற்றிவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வாயு மீட்டர் சொன்ன பிறகுதான் கழற்ற வேண்டும்.

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவர் எழுந்து நடந்தாலும் மூளை தெளியச் சில நிமிடங்கள் பிடிக்கும். விடியற்காலை 3 முதல் 5 வரை இது இன்னும் மோசம். எனவே முகவரியை ஒருவர் வாசிக்க, டிரைவர் சத்தமாகத் திருப்பிச் சொன்ன பிறகே வண்டி நகர வேண்டும். நான்காவது முறையாக அதே கட்டிடத்தின் தானியங்கி அலாரம் அடித்தாலும், முழு உடையும் சிலிண்டரும் மாட்டியே இறங்க வேண்டும்.

காலையில் ஷிப்ட் மாறும்போது, நிரப்பாத சிலிண்டர், கசியும் கப்ளிங், சார்ஜ் இறங்கிய வயர்லெஸ் பேட்டரி எல்லாவற்றையும் பொருளைக் கையில் காட்டியே ஒப்படைக்க வேண்டும். ஏட்டில் எழுதியதை அடுத்த அணி படிப்பதற்குள் மணி அடித்துவிடலாம்.