ஓக் வாடல்: இலை நரம்பைப் பாருங்கள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் எங்கள் தெருவுக்கே நிழல் தருபவை லைவ் ஓக் என்ற பசுமைமாறா ஓக் மரங்கள். சென்ற கோடையில் பக்கத்து வீட்டு மரம் இலை உதிர்த்தபோது, வறட்சிதான் என்றார்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பார்த்தேன். நரம்புகள் பழுப்பேறியிருக்க, அவற்றின் இடைப்பகுதியில் பச்சை மாறவில்லை. ஓக் வாடல் பூஞ்சையின் தெளிவான அடையாளம் இது.

பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்கிறது. லைவ் ஓக் வேர்கள் மண்ணுக்குள் பிணைந்திருப்பதால், நோய் ஆண்டுக்குச் சுமார் 75 அடி நகரும். சிவப்பு ஓக் இன்னும் பாவம், சில வாரங்களில் பட்டுப்போகும். அதன் பட்டைக்கடியில் உருவாகும் பூஞ்சைப் படலத்தின் பழவாசனைக்கு வரும் சிறு வண்டுகள், பிற மரங்களின் புதுக் காயங்களுக்கு நோயைச் சுமந்து செல்கின்றன.

அதனால் பிப்ரவரி முதல் ஜூன் வரை தயவுசெய்து கிளை வெட்டாதீர்கள். எந்த மாதம் வெட்டினாலும் உடனே பெயின்ட் பூசுங்கள். புரோப்பிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை மரத்துக்குள் ஊசியாகச் செலுத்தினால் அந்த ஒரு மரத்தைக் காக்கலாம். வேர்வழிப் பரவலை நிறுத்தாது. அதற்கு, நோய்கண்ட மரத்திலிருந்து 100 அடி தள்ளி, குறைந்தது 4 அடி ஆழத்தில் அகழி வெட்டி வேர்களை அறுக்க வேண்டும். தனி வீட்டுக்கு அது பெருஞ்செலவு. தெருவே சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம் என்று வீடுவீடாகக் கேட்டு வருகிறேன்.