பேட்ஸ்லி கிளிண்டனின் அகழி

14 செப்டம்பர் 2024, சனி

இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள பேட்ஸ்லி கிளிண்டன் மாளிகைக்கு இன்று மகளுடன் சென்றுவந்தேன். செங்கல் பாலத்தில் நின்று பார்த்தபோது, சாம்பல் நிறக் கற்சுவரும் உயர்ந்த புகைபோக்கிகளும் அகழி நீரில் அசையாமல் கிடந்தன. ஃபெரர்ஸ் குடும்பத்தார் ஏறத்தாழ 500 ஆண்டுகள் வாழ்ந்த இந்த வீட்டை 1980 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பராமரித்து வருகிறது.

அறைகள் பலவற்றை வேகமாகக் கடந்துவிட்டோம். சமையலறையில்தான் கால்கள் நின்றன. அங்கே தரையில் பதித்த கண்ணாடி வழியே, மேற்குப் பகுதியின் அடியில் ஓடும் பழைய கழிவுநீர்ச் சுரங்கத்தைப் பார்க்கலாம். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கக் குருமார்களை ஒளித்துவைப்பதற்காக அதை மறைவிடமாக மாற்றியவர் தச்சர் நிக்கோலஸ் ஓவன் என்று கருதுகிறார்கள். மகள் தரையோடு குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள நிமிர்ந்து நிக்கவே முடியாதே" என்றாள்.

15 செப்டம்பர், ஞாயிறு

அந்தச் சுரங்கம் இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. 1591 அக்டோபரில், ஆன் வாக்ஸ் என்ற பெண்மணி வாடகைக்கு எடுத்திருந்த இவ்வீட்டில் ஹென்றி கார்னெட் உள்ளிட்ட இயேசு சபைக் குருமார்கள் கூடியிருந்தபோது, விடியற்காலை ஐந்து மணியளவில் அரசின் ஆட்கள் கதவை இடித்தார்கள். அவர்களை வேலைக்காரர்கள் வாசலில் தடுத்து நிறுத்திய அந்தச் சில நிமிடங்களில் நடந்ததை, அங்கிருந்த ஜான் ஜெரார்டு தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். படுக்கைகளில் உடற்சூடு இன்னும் ஆறவில்லை. தொட்டுப் பார்த்தால் ஆள் படுத்திருந்தது தெரிந்துவிடும் என்பதால், மெத்தைகளைப் புரட்டிக் குளிர்ந்த பக்கத்தை மேலே போட்டார்களாம். உயிர் போகும் நேரத்திலும் மெத்தையின் சூட்டை எண்ணிப் பார்த்த அந்த நிதானத்தை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. பிறகு நான்கு மணி நேரம் குருமார்கள், காலடியில் நீர் தேங்கிய அந்தச் சுரங்கத்தில் நின்றார்கள். வந்தவர்கள் யாரையும் கண்டுபிடிக்கவில்லை. தேடியதற்குக் கூலியாக 12 பொற்காசுகளும் அந்த வீட்டாரிடமே பெற்றுக்கொண்டு போனார்கள்.

அன்று தப்பிய கார்னெட் 1606இல் தூக்கிலிடப்பட்டார். ஓவன் அதே ஆண்டு லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையால் இறந்தார்.

21 செப்டம்பர், சனி

சென்ற வாரம் பார்க்காமல் விட்ட தோட்டத்துக்காக இன்று மீண்டும் போனோம். மதில் சூழ்ந்த தோட்டத்தில் டேலியாக்கள் முழு வீச்சில் பூத்திருந்தன. கருஞ்சிவப்புப் பூ ஒன்றின் இதழடுக்குகளுக்குள் தேனீ ஒன்று தலை வெளியே தெரியாமல் புதைந்திருந்தது. அருகிலுள்ள தேவாலயத்தின் கோபுரம், 15ஆம் நூற்றாண்டில் இவ்வீட்டின் உரிமையாளராக இருந்த நிக்கோலஸ் புரோம் தாம் செய்த கொலைக்குப் பரிகாரமாகக் கட்டியது என்கிறார்கள்.

திரும்பும் வழியில் அகழிக்கரையிலிருந்து மேற்குச் சுவரைப் பார்த்தேன். அது நேராக நீரிலிருந்தே எழுகிறது. பச்சை படிந்த அடிக்கற்களைப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் இருப்பதாகவே தோன்றாது. வாத்து ஒன்று அந்தச் சுவரை ஒட்டியே நீந்திப் போயிற்று.