கழுகுமலையில் ஒரு மார்கழிக் காலை

மகனுக்குக் கழுகுமலையில் முடி இறக்குவதாக நேர்ந்தது அம்மா. லீவு போட்டு, பஸ் பார்த்து அலைவது நாங்கள். மார்கழி ஞாயிறு விடியற்காலை கோவில்பட்டியில் இறங்கும்வரை எனக்கு அந்த முணுமுணுப்பு இருந்தது. அங்கிருந்து சங்கரன்கோவில் போகும் பஸ்ஸில் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழை குடித்த மண் கன்னங்கரேல் என்று கிடந்தது. அந்தச் சமவெளியில் ஒற்றைப் பாறையாக எழும்பி நிற்கும் மலையைக் கண்டதும் அம்மா பஸ்ஸுக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மொட்டை போடும்போது தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகை. சந்தனம் பூசியதும் பயல் தலையைத் தடவித் தடவிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

கழுகாசலமூர்த்தி மேற்குப் பார்த்து அமர்ந்திருக்கிறார். ஒரு முகம், ஆறு கை. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி இங்கே முருகனை வணங்கியதால்தான் கழுகுமலை என்ற பெயர் என்பார்கள். கருவறையே மலைப்பாறையைக் குடைந்தது. வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது; முதலில் விளக்குச் சுடர், அப்புறம் வெள்ளி வேல், அதற்கும் அப்புறம்தான் முகம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து இந்த முருகன் மேல் பாடியது. அம்மாவுக்கு அதில் பாதிதான் பாடம். மீதியை ராகத்தாலேயே நிரப்பிக்கொண்டு நின்றார்.

தரிசனம் முடிந்து சாமியைச் சுற்றி வர வழி தேடினார். அர்ச்சகர் சிரித்துவிட்டார். “சாமி மலைக்குள்ள இருக்காரும்மா. அவரைச் சுத்தணும்னா மலையத்தான் சுத்தணும்.” அம்மா பதில் சொல்லவில்லை. மனதுக்குள் முடிந்துகொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் வந்ததில் பாதிக் காரணம் மலை ஏறத்தான். பெரிய ஏற்றம் இல்லை. பாறையிலேயே வெட்டிய படிகள். பெரியவள் 6-ஆம் வகுப்பு, ஒரே ஓட்டமாக ஓடினாள். சின்னவன் என் தோளில். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பத்துப் படிக்கு ஒரு முறை நின்றார். ஒன்று சொல்லிவிடுகிறேன்: காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை தோசைக்கல்தான். நிழலை நம்பாதீர்கள், தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

முதலில் வெட்டுவான் கோயில். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. கட்டிய கோயில் இல்லை இது. மலையை மூன்று பக்கமும் ஆழமாக வெட்டிப் பள்ளமாக்கி, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இப்படித்தான் மேலிருந்து கீழாக இறங்கியது. இங்கே மேல்பாதி நகை வேலை மாதிரி இருக்கிறது. மூலையில் நந்திகள், குறும்பு பண்ணும் பூதகணங்கள். தெற்குப் பக்கம் ஒரு தட்சிணாமூர்த்தி. வழக்கமாக ஆலமரத்தடியில் மௌனமாக இருப்பவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார்! விரல் தோலில் படப்போகிற அந்த நொடியிலேயே 1200 வருஷமாக நிற்கிறது. கீழ்பாதிக்கு வந்தால் வெறும் பாறை. உளி விட்டுப்போன தழும்புகள்கூட அப்படியே இருக்கின்றன.

ஏன் முடிக்கவில்லை? ஊரில் ஒரு கதை உண்டு. அப்பன் மேலே இந்தக் கோயிலைச் செதுக்க, மகன் கீழே முருகன் கோயிலைச் செதுக்கினானாம். மகன் முந்தி முடித்துவிட்ட ஆத்திரத்தில் அப்பன் உளியாலேயே அவனைக் கொன்றுபோட்டு, துக்கத்தில் வேலையை விட்டுவிட்டானாம். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மொட்டைத் தலை என் தோளிலிருந்து இறங்கி ஆச்சியிடம் போய் ஒட்டிக்கொண்டது. கதை கிடக்கட்டும். முடிந்திருந்தால் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். முடியாததால்தான் அந்த இடத்தில் யாரோ ஒருவன் உளியைக் கீழே வைத்த மாதிரி இருந்தது, வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இன்னொரு பக்கம் நடந்தால் சமணச் சிற்பங்கள். பாறைச் சுவர் முழுக்க, வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர் வணங்கும் ஞானிகள். தலைக்கு மேல் முக்குடை, மூன்றடுக்குக் குடை. கீழே வட்டெழுத்தில், அந்தக் காலத் தமிழ் எழுத்தில்: இன்னார் செய்வித்த திருமேனி என்று. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டியவை பல. அதில் எனக்குப் பிடித்தது குரத்திமார்கள். குரத்தி என்றால் பெண் துறவி, ஆசிரியை. அவர்களுக்கு மாணாக்கர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்கள் பெயரையும் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். மகளுக்கு இதைச் சொன்னதும், “அப்போ இங்க ஸ்கூலாப்பா?” என்றாள். ஆமாம், ஒரு வகையில் பள்ளிதான். பள்ளி என்ற சொல்லே சமணர் உறைவிடத்துக்கும் உரியதுதானே.

அம்மா எதையும் கேட்கவில்லை. செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்துவிட்டு, முதல் திருமேனி முன் நின்று கும்பிட்டார்.

“ஆச்சி, இது முருகன் இல்ல, தீர்த்தங்கரர்” என்றாள் மகள்.

“யாரா இருந்தா என்ன? கண்ண மூடி உக்காந்திருக்காரு. சத்தம் போடாம வா.”

கொஞ்சம் தள்ளி ஓர் இயக்கி நிற்கிறாள், சமணர்களின் காவல் பெண் தெய்வம். அம்பிகா என்பார்கள். பக்கத்தில் சிங்கம், காலடியில் பிள்ளைகள். அங்கே போனதும் அம்மாவின் நடை நின்றுவிட்டது. கையை நெற்றிக்குக் கொண்டுபோய், “இது நம்ம இசக்கில்லா” என்றார். எங்கள் குலதெய்வம் இசக்கி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் இருப்பவள். இயக்கி என்ற சொல்தான் தென்பக்கத்தில் இசக்கி ஆயிற்று என்று நான் படித்திருக்கிறேன். அம்மா படித்ததில்லை. பிள்ளைகளையும் அந்த நிற்பையும் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். முந்தானையில் முடிந்திருந்த அர்ச்சனைப் பூவில் ஒன்றை எடுத்தார். சிற்பத்தின் மேல் வைக்கப் போகிறாரோ என்று நான் பதறுவதற்குள், குனிந்து பாறைத் தரையில் வைத்தார்.

உச்சிப் பிள்ளையாரை மகளும் நானும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மேலே காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கீழே கோபுரமும் தேரோடும் வீதியும் பொம்மை ஊர் போல இருந்தன. அதற்கப்பால் கரிசல்தான், கண் போகிற வரைக்கும்.

இறங்கியதும் நேராகக் கோவில்பட்டி பஸ் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். கடலைமிட்டாய் வாங்க வேண்டும் என்பது மனைவியின் கணக்கு. அம்மா ஓர் ஆட்டோவின் அருகே போய் நின்றுகொண்டார்.

“மலைய ஒரு சுத்து சுத்திட்டு வரணும். சாமிய வலம் வராம எப்படிப் போறது?”

முழங்காலைக் காட்டி நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். சின்னவன் மடியில் விழுந்த கையோடு தூங்கிப்போனான். ஆட்டோ திரும்பத் திரும்ப மலை முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் வெறும் வழுக்குப் பாறை. அம்மா மலைப் பக்கமே பார்த்துக் கைகூப்பியபடி இருந்தார். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தபோது டிரைவரிடம் கேட்டார், “தம்பி, மூணு சுத்துல்ல சுத்தணும்?”

“ஆட்டோவுல வந்தா ஒண்ணு போதும் ஆச்சி” என்றார் அவர்.