மதுரை ஒத்தக்கடைப் பக்கம் 60 கிலோவாட் மின்சாரக் கார் சார்ஜருக்கு இ.பி. இணைப்பு வாங்கிய கதை

ரோட்டோர இடம் அமைந்துவிட்டது என்று உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அந்த இடத்துக்குக் கரண்ட் எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். நாங்கள் பார்த்த மனைக்கு எதிரே நின்றது 100 கே.வி.ஏ. திறன் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர். அதன் முழு லோடே 433 வோல்ட்டில் 133 ஆம்பியர்தான். 60 கிலோவாட் டி.சி. சார்ஜர் ஒன்றே 90 ஆம்பியர் இழுக்கும். மிச்சத்தில் தெரு ஓடாது. தெருமுனையில் 250 கே.வி.ஏ. இருந்தது, 333 ஆம்பியர். அதைக் காட்டித்தான் மனுப் போட்டோம்.

டிரான்ஸ்ஃபார்மரின் லோடு ரீடிங்கை ராத்திரி எடுக்கச் சொல்லுங்கள். பகல் 11 மணிக்கு டாங் டெஸ்டர் (ஒயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் அளக்கும் கருவி) மாட்டினால் குடியிருப்புப் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் காலியாகத்தான் தெரியும். மே மாதம் வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடும்போதுதான் வண்டவாளம் வெளிவரும். மூன்று பேஸையும் தனித்தனியாகக் கேளுங்கள். வீடுகள் ஒரே பேஸில் குவிந்திருந்தால் சராசரியைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

இரண்டு சார்ஜர் வைக்க ஆசை எல்லாருக்கும் வரும். தமிழ்நாட்டில் எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்புக்குக் கிலோவாட் வரம்பு உண்டு. தாண்டினால் 11 கே.வி. (உயரழுத்த) லைன், சொந்த டிரான்ஸ்ஃபார்மர், மீட்டரிங் செட், மின் ஆய்வாளர் ஒப்புதல் என்று செலவு வேறு ரகம். இரண்டும் சேர்ந்து 100 கிலோவாட்டைத் தாண்டாதபடி லோடு ஷேரிங் வைக்கிற சார்ஜராக வாங்குவதே ஆரம்பத்துக்குப் புத்திசாலித்தனம்.

கேபிள் 3.5 கோர் (மூன்று பேஸ், பாதி அளவு நியூட்ரல்), 70 சதுர மி.மீ. அலுமினியம், ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்டது). 100 மீட்டருக்கு முழு லோடில் 8 வோல்ட் போல விழும். லைன் வோல்டேஜ் 375-க்கு இறங்கினாலும் சார்ஜர் தன் பவரை விடாது; ஆம்பியரைக் கூட்டி 98-க்குப் போகும். அப்போது முதலில் சுடுவது லக், அதாவது கேபிள் முனையில் மாட்டும் இணைப்புத் துண்டு. செம்பு பஸ்பாரில் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பட்டையில்) அலுமினிய லக்கை நேராக முடுக்காமல் செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டாலிக் லக் போடுங்கள். சுத்தியலால் நசுக்காமல் கிரிம்பிங் டூலில் அழுத்துங்கள்.

அதிகம் படுத்தியது எர்த்துதான். யானைமலை அடிவாரம், தோண்டினால் பாறை. எர்த் சரியில்லை என்றால் காரைச் செருகியதுமே சார்ஜர் ஃபால்ட் காட்டி நின்றுவிடும். எர்த் குழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எர்த்தின் தடை (ஓம்) இறங்காது; 3 மீட்டர் ராடு என்றால் இடைவெளி 6 மீட்டராவது வேண்டும். அப்படியும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் ஏறி நின்றால் குழியைக் குறை சொல்லாமல் போஸ்ட் மேலே நியூட்ரல் ஜம்பரை (நியூட்ரல் கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பியை) இ.பி. ஆட்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.